வெண்டைக்காய் வறுவலுக்கு ஒரு கனத்த வாணலி

வெண்டைக்காய் வறுவல் மொறுமொறுவென்று வர வேண்டுமானால் எண்ணெயைக் கூட்டிப் பயனில்லை, பாத்திரத்தின் கனத்தைத்தான் கூட்ட வேண்டும் என்பது என் முடிவு. யாங்கோனில் அனோரதா வீதிக் காளியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெய்ஞ்சிச் சந்தைப் பக்கம் ஒரு தமிழர் பாத்திரக் கடையில் வாங்கிய வார்ப்பிரும்பு வாணலியை, வெயிற்காலத்திலும் மழைக்காலத்திலும் புழங்கிப் பார்த்த பின்னரே இதைச் சொல்கிறேன். உருளைக்கிழங்கு, முட்டை, மீன் என்று அதில் எதை வேண்டுமானாலும் வறுக்கலாம். ஆனால் ஒரு வாணலி நல்லதா கெட்டதா என்பதை வெண்டைக்காய் காட்டிக் கொடுப்பதுபோல வேறெந்தக் காயும் காட்டிக் கொடுப்பதில்லை என்பதால், இந்த மதிப்புரையை வெண்டைக்காயை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. வாயகலம் 10 அங்குலம், அடி தட்டை, பிடிப்பதற்கு இரண்டு பக்கமும் காது. எடை மூன்றரை கிலோ, அதாவது இந்த ஊர்க் கணக்கில் இரண்டு வீசைக்குச் சற்று மேல். மணல் அச்சில் வார்த்தது என்பதால் உட்புறத்தைத் தடவினால் நுண்ணிய சொரசொரப்பு விரலுக்குத் தெரிகிறது. ஒரு காதின் அடியில் வார்ப்பின் பிசிறு அராவப்படாமல் அப்படியே நின்றது; உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே அது கையைக் கீறாமல் இருந்தது. கம்பெனிப் பெயரோ முத்திரையோ எங்கும் இல்லை. தமிழ்நாட்டுச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னதோடு சரி. விலை, நான் முன்பு வைத்திருந்த நான்ஸ்டிக் வாணலியைப் போல இரண்டு மடங்கு. "தூக்கிப் பாருங்கக்கா, கை தாங்குச்சுன்னா எடுத்துக்குங்க. அப்புறம் கனமா இருக்குன்னு திருப்பிக் கொண்டாராதீங்க" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பொருளின் குறையை விற்பவரே வாய்விட்டுச் சொல்லும் கடைகள் குறைந்துவிட்ட காலத்தில், அந்தப் பேச்சுக்காகவே அங்கே இன்னொரு முறை போகலாம்.

இனி, வெண்டைக்காய்க்கு ஏன் கனம் வேண்டும் என்பது. வெண்டை, பருத்தியும் செம்பருத்தியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. பர்மியர் சின்பௌங் என்று ஆசையாக உண்ணும் புளிச்சக்கீரையும் அதே குடும்பம்தான். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வருகிற அதே கொழகொழப்புத்தான் வெண்டைக்காயிலும் இருக்கிறது. அது தண்ணீரில் ஊறி விரியக்கூடிய ஒரு வகை நார்ச்சத்து; தண்ணீர் இருந்தால்தான் அது நூல் விடும். வெண்டைக்காயின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கால் வீசைக் காய், அதாவது சுமார் 400 கிராம், வாணலியில் விழும்போது ஏறக்குறைய 360 கிராம் தண்ணீரும் சேர்ந்தே விழுகிறது. அந்தத் தண்ணீர் காயை விட்டு வெளியே வந்த கணமே ஆவியாகிவிட்டால் கொழகொழப்புக்கு விரிய இடமில்லாமல் போய்விடும். பாத்திரம் சூடு தணிந்து, வெளியே வந்த ஈரம் அடியில் தங்கிவிட்டாலோ, காய் தன் சாற்றிலேயே வேகத் தொடங்கி, கரண்டியோடு சேர்ந்து எழும் பசையாகிவிடும்.

மெல்லிய பாத்திரம் தோற்கும் இடம் இதுதான். குளிர்ந்த காய் விழுந்ததும் பாத்திரம் எவ்வளவு சூட்டை இழந்து நிற்கிறது என்பதே கேள்வி. எடைக்கு எடை பார்த்தால் அலுமினியம் இரும்பைப் போல இரு மடங்கு சூட்டைச் சேமித்து வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அலுமினிய வாணலியின் எடை இதில் ஐந்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. மூன்றரை கிலோ இரும்பு ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால், காய் விழுந்த முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்குச் சளைக்காமல் நிற்கிறது. அதற்குப் பிறகு மிச்ச ஈரத்தை வற்ற வைப்பது அடுப்பின் வேலைதான். கனத்த வாணலி இருந்தாலும் தீ மெலிந்திருந்தால் நடக்காது. ஆனால் வறுவலின் தலையெழுத்து அந்த முதல் மூன்று நிமிடத்தில்தான் எழுதப்படுகிறது.

இந்த ஊரில் சுரைக்காய் பஜ்ஜியும் மற்ற பலகாரங்களும் பொரிக்கிற தெருக்கடைகளில் மெல்லிய இரும்புத் தகட்டு வாணலிகளைத்தான் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு மட்டும் எப்படி மொறுமொறுவென்று வருகிறது என்று கேட்கலாம். அங்கே சூட்டைச் சேமித்து வைப்பது முழுக் கொள்ளளவுக்கு ஊற்றிய எண்ணெய். பாத்திரம் வெறும் கொள்கலம். வீட்டில் மூன்று தேக்கரண்டி எண்ணெயில் வறுக்கும்போது அந்தச் சேமிப்பை இரும்புதான் செய்தாக வேண்டும். எண்ணெய் விற்கும் விலையில் இந்த வேறுபாட்டை ஒவ்வொரு மாதமும் காசாகவே உணர முடிகிறது.

நான்ஸ்டிக் வாணலி வெண்டைக்காய்க்கு ஏற்றதுபோலத் தோன்றும், ஏனென்றால் ஒட்டாது. ஆனால் ஒட்டாமல் இருப்பதும் மொறுமொறுப்பாவதும் வேறு வேறு. மேலும், யாங்கோனில் மின்சாரம் முறை வைத்து வருவதால் மின்னடுப்பை மட்டும் நம்பிச் சமைக்க முடிவதில்லை. எங்கள் வீட்டில் பாதிச் சமையல் கரி அடுப்பில்தான் நடக்கிறது. நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும்; தணல் ஏறிய கரி அடுப்பின்மேல் வெறும் வாணலியைச் சற்று நேரம் மறந்துவிட்டால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். இரும்பு வாணலிக்கு இந்தக் கவலை இல்லை. கரி, எரிவாயு, மின்தூண்டல் அடுப்பு மூன்றிலும் அதை வைக்கலாம். தட்டை அடி அதற்காகவே பயன்படுகிறது. மின்தூண்டல் அடுப்பில் மட்டும் எடுத்த எடுப்பில் முழுச் சூடு வைக்காமல் படிப்படியாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் மட்டும் காய்ந்து வார்ப்பு விரிசல் விட வாய்ப்புண்டு.

ஏர் ஃப்ரையரைப் பற்றியும் ஒரு சொல். உறவினர் வீட்டில் அதில் செய்த வெண்டைக்காயைச் சாப்பிட்டிருக்கிறேன். சூடான காற்று ஈரத்தை அடித்துக்கொண்டு போய்விடுவதால் கொழகொழப்பு சுத்தமாக இருக்காது, அந்த மட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் மிளகாய்த்தூளும் உப்பும் காயோடு சேராமல் கூடையின் அடியில் உதிர்ந்து கிடந்தன. தாளிப்பின் வாசம் அறவே இல்லை. மின்சாரம் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வறுவல் செய்வதும் எனக்கு ஒத்துவரவில்லை.

செய்முறையில் வாணலிக்கு ஏற்ப மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. காயை முழுதாகக் கழுவித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் முறத்தில் பரப்பி உலர விட வேண்டும். நறுக்கிய பிறகு தண்ணீர் படவே கூடாது. கத்தியும் பலகையும் உலர்ந்திருக்க வேண்டும். நறுக்கும்போது கத்தியில் வெள்ளை நூல் இழுத்தால் அதைத் தண்ணீரில் கழுவாமல் துணியால் துடைத்துக்கொண்டு தொடர்வது நல்லது. அரை அங்குல வட்டங்களாக நறுக்கலாம். இன்னும் மொறுமொறுப்பு வேண்டுமானால் நீளவாக்கில் நான்காகக் கீறலாம், அப்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழி கிடைக்கிறது. சந்தையில் வாங்கும்போதே நுனியை ஒடித்துப் பார்த்து, பட்டென்று ஒடியும் பிஞ்சாக எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மழைக்காலத்துக் காய் கூடையிலேயே நனைந்திருக்கும் என்பதால் அதை முதல் நாள் மாலையே வாங்கி இரவு முழுவதும் காற்றாட வைத்துவிடுகிறேன்.

இரும்பு, சூட்டை மெல்லவே பரப்பும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்கு வேகம்கூட இல்லை. எனவே வெறும் வாணலியை மிதமான தீயில் ஐந்து நிமிடமாவது காய வைத்து, ஓரமும் நடுவும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தால் அது சீறி மறையாமல் முத்தாகத் திரண்டு ஓடுகிற நேரமே சரியான நேரம். கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்து, காயைப் போட்டுப் பரப்பிவிட்டு, இரண்டு நிமிடம் கரண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும். இதுதான் கடினம், கை சும்மா இருப்பதில்லை. அடியில் பட்ட பக்கம் பொன்னிறமானதும் அது தானாகவே வாணலியை விட்டு விலகும், அப்போது திருப்பினால் போதும். மூடி போடவே கூடாது. 10 அங்குல வாணலியில் கால் வீசைக்கு மேல் போட்டால் காய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆவி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு தடவையாக வறுப்பதே நல்லது.

உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும் என்பதால் அதைக் கடைசியில் சேர்க்க வேண்டும். மஞ்சள்தூளை நடுவிலும், கருகிவிடக்கூடிய மிளகாய்த்தூளை இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பும் போட்டால் நிறம் கெடுவதில்லை. கடைகளில் கிடைப்பதுபோல மாவுப் பூச்சோடு வேண்டுமென்பவர்கள், கீறிய காயில் இரண்டு கரண்டி கடலை மாவும் ஒரு கரண்டி அரிசி மாவும் உலர்வாகவே புரட்டி, காயின் சொந்த ஈரத்திலேயே அது ஒட்டிக்கொள்ள விட்டுவிடலாம். தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் அது வறுவலாக இல்லாமல் பஜ்ஜியாகிவிடும்.

இப்போது இந்த வாணலியின் பெரிய குறைக்கு வருகிறேன். இரும்பு வெண்டைக்காயைக் கறுப்பாக்கும். காயில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தின் துணையோடு சேரும்போது பச்சை நிறம் போய் மை பூசியதுபோல ஆகிவிடுகிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தட்டில் பார்க்கச் சகிக்காது. புது வாணலியில் இது நிச்சயம் நடக்கும். எண்ணெய் விட்டு நன்றாகப் பழக்கிய வாணலியில், உலர்ந்த காயை வேகமாக வறுத்தால் நடப்பதில்லை, ஏனென்றால் காய்க்கும் இரும்புக்கும் நடுவே இறுகிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. புளி, தயிர், எலுமிச்சை ஆகியவற்றை இந்த வாணலிக்குள் சேர்க்கக் கூடாது. புளிப்பு கொழகொழப்பை முறிக்கும் என்று நம் வீடுகளில் மோர் தெளிப்பதுண்டு, அது உண்மையும்கூட; ஆனால் அதே புளிப்பு அந்தப் படலத்தையும் அரித்துவிடும். எலுமிச்சை பிழிய வேண்டுமானால் தட்டில் போட்ட பிறகு பிழிந்துகொள்ளலாம். வறுவல் முடிந்ததும் காயை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். வாணலியிலேயே மத்தியானம் வரை விட்டால் அடியில் இருப்பது கறுத்துப்போவதோடு மொறுமொறுப்பும் போய்விடும்.

வாணலியைப் பழக்குவது நம் வீட்டுப் பெரியவர்கள் செய்த முறைதான். வடிகஞ்சியை ஊற்றி ஓரிரு நாள் ஊற வைத்துத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காய வைத்து, கைத்துணியால் மிக மெல்லிசாக எண்ணெய் தடவிப் புகை வரும் வரை சூடேற்றி ஆற விட வேண்டும்; இதைச் சில தடவை திரும்பச் செய்தால் உட்புறம் சாம்பல் நிறத்திலிருந்து கருமைக்கு மாறும். எண்ணெயைத் தாராளமாகத் தடவினால் அது இறுகாமல் பிசுபிசுப்பாக நிற்கும் என்பதால் துடைத்து எடுத்துவிட்டதுபோலத் தோன்றும் அளவே சரியான அளவு. சொரசொரப்பான இந்த வார்ப்பில் படலம் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, அது இந்த வாணலியின் நல்ல குணம்.

ஆனால் யாங்கோனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி வைகாசி முதல் ஐப்பசி வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மாதங்களில் சுவரே வியர்க்கும்போது வெறும் இரும்பு எம்மாத்திரம்? ஆனி மாதத்தில் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது வாணலியின் காதோரத்தில் செந்துரு படிந்திருந்தது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்து மீண்டும் பழக்கியதும் போய்விட்டது. ஆயினும் இந்த ஊரில் இந்தப் பொருளை வாங்குகிறவர்கள், மழைக்காலம் முழுவதும் கழுவியவுடன் அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றி வைக்கும் வேலையையும் சேர்த்தே வாங்குகிறார்கள். அதற்கு மனமில்லை என்றால் நான்ஸ்டிக்கே போதும் என்பேன்.

எண்ணெயில் எனக்குக் கடலை எண்ணெய்தான் பிடிக்கும். மாகுவே, மண்டலே பக்கத்து வறண்ட நிலங்களில் விளையும் நிலக்கடலையும் எள்ளும் இந்த நாட்டின் பழைய எண்ணெய்கள். இப்போது சந்தையை நிறைத்திருப்பது இறக்குமதியாகும் பாமாயில், அது விலை குறைவு என்பதால். பாமாயிலில் வறுத்தாலும் மொறுமொறுப்பு வரும், ஆனால் ஆறிய பிறகு நாக்கில் ஒரு மெழுகுப் பூச்சு நிற்கிறது. மார்கழிக் குளிரில் அது இன்னும் கூடுகிறது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் 160 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கனத்த வாணலி ஒரு முறை அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் தீயைக் குறைத்தாலும் உடனே தணியாது. புகை தெரிந்தால் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சாப்பாட்டில் இந்த வறுவலுக்குத் தோதான துணை மிளகு ரசமும் சுடுசோறும்தான். பருப்பு கடைந்து நெய் விட்ட சோற்றுக்கும் பொருந்தும். இங்கே இன்னொரு வழக்கமும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது: காய்ந்த இறாலும் பூண்டும் மிளகாயும் சேர்த்துப் பொரித்த பாலாச்சௌங்கை வறுவலின் மேல் ஒரு கரண்டி தூவிப் பரிமாறுவது. பூண்டின் மொறுமொறுப்பும் காயின் மொறுமொறுப்பும் வேறு வேறு என்பதால் வாய்க்கு அலுப்பதில்லை. சைவ நாட்களில் பூண்டு மட்டும் பொரித்துத் தூவலாம். எதிர்வீட்டுப் பர்மியக் குடும்பத்தில் வெண்டைக்காயை வெறுமனே அவித்து, ஙப்பி என்னும் புளிக்க வைத்த மீன் விழுதின் சாற்றில் தொட்டுச் சாப்பிடுவார்கள்; அவர்களுக்குக் கொழகொழப்பு ஒரு குறையே அல்ல, வழுக்கிக்கொண்டு இறங்குவதுதான் சுவை. அந்த வீட்டுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் வறுவல் கொடுத்தனுப்பியபோது, காய் நன்றாக இருக்கிறது, ஆனால் வெண்டைக்காயைக் காணோமே என்று சிரித்தாராம். நியாயமான விமரிசனம்தான்.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு மூன்று உண்டு. இரண்டு காதுகளும் இரும்பே என்பதால் கரித்துணி இல்லாமல் தொட முடியாது. மணிக்கட்டு வலி உள்ளவர்களும் வயதானவர்களும் நிறைந்த வாணலியை ஒற்றைக் கையால் சாய்க்க முயலக் கூடாது, அவர்களுக்கு இதே வார்ப்பில் 8 அங்குல வாணலி அதே கடையில் இருக்கிறது, இரண்டு பேருக்கு அது தாராளம். எனக்குக் கிடைத்த வாணலியின் அடி சமதரையில் வைத்தால் இம்மியளவு ஆடுகிறது. கரி அடுப்பில் தெரியவில்லை, கண்ணாடி மேற்பரப்புள்ள மின்தூண்டல் அடுப்பில் தெரிகிறது. ஆகவே கடையிலேயே கண்ணாடி மேசைமேல் வைத்துப் பார்த்து எடுப்பது நல்லது. வார்ப்பிரும்பு வழியில் அடிபட்டு மயிரிழை விரிசலோடு வந்து சேர்வதும் உண்டு. காதைப் பிடித்துத் தூக்கி, விரல் முட்டியால் விளிம்பில் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் வாங்கலாம், மந்தமாகக் கேட்டால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருகிறார்.